முதல் மூச்சுக்கு முன்

உடலின் உறுப்புகளுள் நுரையீரலின் நிலை தனியானது. இதயம் கருவின் நான்காம் வாரத்திலேயே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. தான் உருவாகிக்கொண்டே தன் தொழிலையும் செய்கிறது. சிறுநீரகம் கருப்பைக்குள்ளேயே சிறுநீரைச் சுரக்கப் பழகுகிறது. நுரையீரலுக்கு அவ்வாறு காற்றோடு பழகும் காலம் இல்லை. நஞ்சுக்கொடி ஆக்சிஜன் தரும்வரை, நீர் நிறைந்த உறுப்பாகவே அது மார்புக்குள் வளர்கிறது. பிறந்த சில நிமிடங்களில் அந்த நீர் விலக வேண்டும்; காற்று நுழைய வேண்டும்; இரத்தம் பெருகி வர வேண்டும். ஆகவே நுரையீரலின் கருவளர்ச்சி என்பது ஒருமுறைகூட ஒத்திகை பார்க்க இயலாத ஒரு நிகழ்ச்சிக்கான ஆயத்தம்.

இந்த ஆயத்தத்தில் மரபணுக்களின் பங்கு யாது? வினா எளியது. விடையைத் தேடுமுன் அளவுகளை மனத்தில் கொள்வோம். மூச்சுக்குழல் ஏறத்தாழ 23 தலைமுறைகளாகக் கிளைத்து, காற்று நுண்ணறைகளில் முடிகிறது. வளர்ந்த மனிதரிடம் அந்நுண்ணறைகள் சராசரியாக 48 கோடி என 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. புரதங்களுக்குக் குறிப்புத் தரும் மரபணுக்களோ மனிதரிடம் சுமார் 20,000தான். அவையும் உடல் முழுமைக்கும் பொதுவானவை. கிளைக்கு ஒரு மரபணு, அறைக்கு ஒரு மரபணு என்ற கணக்கு தொடக்கத்திலேயே பொய்த்துவிடுகிறது. எனவே நம் வினாவைச் சற்றுத் திருத்திக் கேட்க வேண்டும்: இவ்வளவு குறைந்த மரபணுக்களைக் கொண்டு கோடிக்கணக்கான அறைகளை உடல் எவ்வாறு அமைக்கிறது?

மரபணு என்பது டி.என்.ஏ. இழையின் ஒரு பகுதி; பெரும்பாலும் ஒரு புரதத்தை ஆக்குவதற்கான குறிப்பு அதில் உள்ளது. கண்ணின் செல்லிலும் எலும்பின் செல்லிலும் நுரையீரலின் செல்லிலும் மரபணுத் தொகுப்பு ஏறத்தாழ ஒன்றே. எந்த மரபணு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதே வேறுபாடு. ஆக, ஒரு மரபணுவைப் பெற்றிருத்தல் வேறு, அது உரிய செல்லில், உரிய வேளையில் வெளிப்படுதல் வேறு. இந்த வேறுபாட்டை இறுதிவரை கையில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன். இனி வரும் ஒவ்வொரு படியும் இதன்மேல்தான் நிற்கிறது.

முதற்படி இடத்தைக் குறித்தல். கருவுற்ற நான்காம் வாரத்தில் முன்குடல் ஒரே குழலாக இருக்கிறது; உணவுக்குழல், மூச்சுக்குழல் என்ற பிரிவு இன்னும் இல்லை. அக்குழலின் வயிற்றுப்புறச் சுவரில் ஒரு சிறு பகுதியில் மட்டும் என்.கே.எக்ஸ்.2-1 என்னும் மரபணு விழிக்கிறது. முதுகுப்புறச் சுவரில் சாக்ஸ்2 ஓங்கி நிற்கிறது. முன்னது மூச்சுக்குழலுக்கும் நுரையீரலுக்கும் உரிய நிலம். பின்னது உணவுக்குழலுக்கு உரியது. இந்த எல்லையைக் குடற்சுவர் தானாக வகுத்துக்கொள்வதில்லை. அதை ஒட்டியிருக்கும் இடைப்படைத் திசு வின்ட்2, வின்ட்2பி என்னும் இரு குறிப்புப் புரதங்களை அனுப்புகிறது. அவற்றைப் பெற்ற செல்களிலேயே என்.கே.எக்ஸ்.2-1 திறக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர இழந்த சுண்டெலிக் கருக்களில் நுரையீரல் தோன்றவே இல்லை என்று 2009இல் காட்டப்பட்டது. பிரிவு நடந்தும் முழுமை பெறாதபோது, உணவுக்குழலுக்கும் மூச்சுக்குழலுக்கும் இடையே திறப்புடன் குழந்தை பிறக்கிறது. பச்சிளங்குழந்தை அறுவை மருத்துவர்கள் நன்கறிந்த குறைபாடு இது.

என்.கே.எக்ஸ்.2-1 நுரையீரலுக்கு மட்டும் உரியதா? இல்லை. தைராய்டு சுரப்பியின் அமைப்புக்கும் முன்மூளையின் சில பகுதிகளுக்கும் அதுவே வேண்டும். அதன் இரு படிகளுள் ஒன்று பழுதுபட்ட குழந்தைகள் சிலருக்கு மூச்சுத்திணறல், தைராய்டுக் குறைவு, கட்டுக்கடங்காத உடலசைவுகள் ஆகிய மூன்றும் சேர்ந்து வருகின்றன. மூளை, நுரையீரல், தைராய்டு என்ற மூன்று உறுப்புகளின் பெயராலேயே அந்த நோய்த்தொகுதியை மருத்துவர்கள் அழைக்கிறார்கள். ஒரே மரபணு மூன்று இடங்களில் மூன்று விளைவுகளைத் தருகிறதென்றால், விளைவின் ஒரு பாதி மரபணுவிலும் மறுபாதி அது வெளிப்படும் செல்லின் முன்வரலாற்றிலும் இருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் படிக்குச் செல்லுமுன் அறியும் முறை பற்றி ஒரு சொல். மரபணுவின் பணியை ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை நீக்கிப் பார்த்தே அறிகிறார்கள். பழ ஈயில் காற்றுக்குழல்கள் கிளைக்காமற்போன ஒரு வகையில் பழுதுபட்டிருந்த மரபணுவுக்குக் 'கிளையற்றது' என்ற பொருள்பட பிராஞ்ச்லெஸ் என்றே பெயரிட்டார்கள். அதன் குறிப்பைப் பெறும் ஏற்பியின் மரபணுவுக்கு பிரெத்லெஸ், அதாவது 'மூச்சற்றது' என்று பெயர். பெயர் சுட்டுவது அந்த மரபணு இல்லாதபோது நேரும் குறையை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிராஸ்னோவின் குழு 1996இல் பிராஞ்ச்லெஸ் மரபணுவை இனங்கண்டபோது, அது பாலூட்டிகளிடம் உள்ள எஃப்.ஜி.எஃப். என்னும் மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில், எஃப்.ஜி.எஃப்.10 நீக்கப்பட்ட சுண்டெலிகள் ஆராயப்பட்டன. அவற்றுக்கு மூச்சுக்குழல் இருந்தது. அதன் கீழே நுரையீரல் இல்லை. கால்களும் இல்லை. அவை பிறந்தவுடன் இறந்தன.

இங்கே இரு முடிவுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்றின்றி மற்றொன்று அமையாது என்றால் முன்னது இன்றியமையாதது. அதுவே போதுமானது என்று அதனால் ஆகிவிடாது. எஃப்.ஜி.எஃப்.10 இல்லையேல் நுரையீரல் இல்லை என்பது மெய். அது நுரையீரலை ஆக்குகிறது என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவன்று. காலையும் அதே மரபணுதான் முளைக்கச் செய்கிறது. அந்தக் குறிப்பு முன்குடலைச் சென்றடைந்தால் குழல் நீள்கிறது. உடலின் பக்கவாட்டில் வெளிப்பட்டால் கால் முளைக்கிறது. 'வளர்க, இத்திசையில் வளர்க' என்பதற்குமேல் அதனிடம் செய்தி அதிகமில்லை. எதுவாக வளர்வது என்பதை, செய்தியைப் பெறும் திசு முன்னரே முடிவு செய்திருக்கிறது.

இரண்டாம் படி கிளைத்தல். நுரையீரல் மொட்டின் உட்படலம் எபிதீலியம். அதைச் சூழ்ந்திருப்பது தளர்வான இடைத்திசு. எஃப்.ஜி.எஃப்.10 இடைத்திசுவில், மொட்டின் நுனிக்கு எதிரே சுரக்கிறது. அதற்கான ஏற்பி எபிதீலியத்தில் இருக்கிறது. குறிப்பு எங்கு மிகுதியோ அத்திசையில் நுனி நீள்கிறது. இவ்வளவே நடந்தால் குழல் நீண்டுகொண்டே போகும், கிளை உண்டாகாது. ஆனால் நுனி மறுமொழி தருகிறது. அங்கிருந்து வெளிப்படும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்னும் புரதம் இடைத்திசுவை அடைந்து, தன்னருகே எஃப்.ஜி.எஃப்.10 சுரப்பதைக் குறைக்கிறது. எபிதீலியத்துக்குள் ஸ்ப்ரௌட்டி2 என்னும் மற்றொரு புரதம் குறிப்பின் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. நடுவே குறிப்பு தணிய, இருபக்கமும் எஞ்ச, நுனி இரண்டாகப் பிரிய வழியுண்டாகிறது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் இல்லாத சுண்டெலியில் நுரையீரல் முறையாகக் கிளைக்காமல் சிறு பைகளாக நின்றுவிடுகிறது. தூண்டல் எத்துணை வேண்டுமோ அத்துணை தடையும் வேண்டும் என்பது இதனால் புலப்படும்.

பிரிந்த ஒவ்வொரு நுனியிலும் இதே உரையாடல் மீண்டும் நிகழ்கிறது. சுண்டெலி நுரையீரலின் கிளைகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, கிராஸ்னோவின் குழு 2008இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான கிளைகளும் மூன்றே முறைகளில் அமைகின்றன என்று அது காட்டியது. தாய்க்குழலின் பக்கவாட்டில் வரிசையாகக் கிளைகள் முளைத்தல் முதல் முறை. நுனி ஒரே தளத்தில் இரண்டிரண்டாகப் பிரிதல் இரண்டாவது. ஒவ்வொரு பிரிவும் முந்தைய பிரிவுக்குச் செங்குத்தான தளத்தில் அமைதல் மூன்றாவது. இம்மூன்றும் இன்ன வரிசையில் கையாளப்படுவதால், ஒரு சுண்டெலியின் கிளையமைப்பு மற்றொன்றினதைப் பெரிதும் ஒத்திருக்கிறது. நாம் திருத்திக் கேட்ட வினாவுக்கு விடையின் பெரும்பகுதி இங்கே கிடைத்துவிடுகிறது: மரபணுக்கள் கிளைகளின் எண்ணிக்கையைச் சேமித்து வைப்பதில்லை, கிளைக்கும் விதியையே சேமித்து வைக்கின்றன. விதி சிறியது, பயன்பாடு மிகப் பலமுறை.

காரணங்களை முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்றாகப் பகுப்பது நம் தத்துவ மரபு. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இப்பகுப்பை நுரையீரலுக்குப் பொருத்தினால் ஒரு வியப்பு எதிர்ப்படுகிறது. இங்கே மண்ணுக்கு வெளியே குயவன் இல்லை. வனையப்படும் செல்லே அடுத்த செல்லை வனைகிறது. அந்த அடுத்த செல் திரும்ப முதற்செல்லை வனைகிறது. மரபணுவைக் குயவனாகக் கருதுவோர், அதைத் திறந்து வைத்தது அண்டைச் செல்லின் குறிப்பு என்பதை விட்டுவிடுகிறார்கள்.

கிளைத்தல் இருபுறமும் ஒத்ததன்று. மனிதரின் வலது நுரையீரல் மூன்று மடல்களையும் இடது நுரையீரல் இரண்டையும் கொண்டது. இந்த வேறுபாடு நுரையீரல் மொட்டு தோன்றுமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. சுண்டெலிக் கருவில் ஒரு சிறு குழியின் குற்றிழைகள் சுழன்று, நீரை இடப்புறமாக ஓட்டுகின்றன; இடப்புறத்தில் நோடல், பின்னர் பிட்எக்ஸ்2 என்னும் மரபணுக்கள் விழிக்கின்றன. பிட்எக்ஸ்2 இல்லாவிட்டால் இடது நுரையீரலும் வலதைப் போலவே மடல் பிரிகிறது. குற்றிழைகள் இயங்காத பிறவி நோயுற்ற மனிதருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் இடவல மாற்றமாக அமைந்திருப்பதும் இதனாலேயே. ஓட்டம் இல்லாதபோது திசை தற்செயலிடம் விடப்படுகிறது.

மூன்றாம் படியில் மரபணு அல்லாத ஒரு காரணம் நுழைகிறது. அது விசை. நுரையீரலின் எபிதீலியம் குளோரைடு அயனிகளைக் குழலுக்குள் செலுத்த, நீர் அதைத் தொடர்ந்து வருகிறது. இவ்வாறு தானே சுரந்த நீரின் அழுத்தத்தால் நுரையீரல் உள்ளிருந்து விரிகிறது. மூன்றாம் மாதத்திலிருந்தே சிசுவின் உதரவிதானம் மூச்சுவிடுவதைப் போல அசைந்து அந்த நீரைத் தள்ளியிழுக்கிறது. இடமும் இழுவிசையும் குறைந்தால் நுரையீரல் சிறுத்துவிடுகிறது. உதரவிதானத்தில் துளையுடன் வளரும் கருவில் குடல் மார்புக்குள் ஏறி இடத்தைப் பிடித்துக்கொள்வதும், பனிக்குடநீர் மிகக் குறைந்த கருவில் மார்பு நெருக்குண்பதும் இதற்குச் சான்றுகள். உதரவிதானத் துளை கடுமையாக உள்ள சிசுக்களுக்கு, கருப்பைக்குள்ளேயே மூச்சுக்குழலில் சிறு பலூனை வைத்து நீரை வெளியேறாமல் தடுக்கும் சிகிச்சை உண்டு. 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இச்சிகிச்சை பெற்ற சிசுக்களுள் 40 விழுக்காட்டினர் பிழைத்து வீடு திரும்பினர்; பெறாதோரில் 15 விழுக்காட்டினரே. பலூன் எந்த மரபணுவையும் மாற்றவில்லை. மரபணுக்கள் எதிர்பார்த்திருந்த விசையை அது ஓரளவு மீட்டுத் தந்தது.

நான்காம் படி செல்கள் வகைப்படுதல். கிளையின் நுனியில் சாக்ஸ்9 வெளிப்படும் முன்னோடிச் செல்கள் இருக்கின்றன. நுனி முன்னேற, பின்தங்கிய காம்புப் பகுதியில் சாக்ஸ்2 மேலோங்கி, அது காற்றைக் கடத்தும் குழலாகிறது. சுண்டெலியில் இப்பிரிவு துலக்கமானது. மனிதக் கருவிலோ தொடக்க மாதங்களில் நுனிச் செல்களிடமே இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன. விலங்கில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது என்பதற்கு இது நல்ல நினைவூட்டல். மருத்துவர்கள் எண்ணும் கர்ப்ப வாரங்களின்படி, ஏறத்தாழ 17ஆம் வாரத்துக்குள் காற்றைக் கடத்தும் குழல்கள் எல்லாம் அமைந்துவிடுகின்றன. அதன்பின் 26ஆம் வாரம்வரை நுனிகள் அகன்று, சுவர் மெலிந்து, இரத்தத் தந்துகிகள் அருகே வருகின்றன. அடுத்த வாரங்களில் நுனிகள் பைகளாக விரிகின்றன. காற்று நுண்ணறைகளில் பெரும்பாலானவை பிறப்புக்குப் பின்னரே அமைகின்றன.

தந்துகிகள் அருகே வருதல் தானாக நிகழ்வதன்று. ஃபாக்ஸ்எஃப்1 என்னும் மரபணு இடைத்திசுவிலும் இரத்தக்குழல்களிலும் வெளிப்பட்டு அதற்குத் துணைபுரிகிறது. அதில் பழுது நேர்ந்தால் அறைச்சுவருக்கும் தந்துகிக்கும் நெருக்கம் ஏற்படுவதில்லை. நிறைமாதத்தில் நல்ல எடையுடன் பிறந்த குழந்தையும் சில நாள்களில் மூச்சுத்திணறி இறக்கக்கூடும். 2009இல் இந்நோயின் காரணம் தெரியவந்தபோது மேலும் ஒன்று வெளிப்பட்டது. சில குழந்தைகளிடம் ஃபாக்ஸ்எஃப்1 முழுமையாக, பழுதின்றி இருந்தது. அதற்கு வெகுதொலைவில் இருந்த டி.என்.ஏ. பகுதி ஒன்றுதான் அறுந்து போயிருந்தது. அந்தப் பகுதி எந்தப் புரதத்துக்கும் குறிப்புத் தருவதில்லை. நுரையீரலில் அந்த மரபணுவைத் திறந்து வைப்பதே அதன் பணி. பெற்றிருத்தல் வேறு, வெளிப்படுதல் வேறு என்று முன்னர்ச் சொன்னதற்கு இதைவிடக் கூர்மையான சான்று அரிது.

ஐந்தாம் படி காலம். ஈரமான நுண்ணறை, நீரின் பரப்பு இழுவிசையால் ஒவ்வொரு வெளிமூச்சிலும் சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் கொழுப்பும் புரதமும் கலந்த பூச்சு. குறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளின் நுரையீரலில் இப்பூச்சு குறைவாக இருந்ததை மேரி எல்லன் ஏவரியும் ஜெர் மீடும் 1959இல் கண்டறிந்தார்கள். இரண்டாம் வகை நுண்ணறைச் செல்கள் இதை ஆக்குகின்றன. இதற்கான கொழுப்பைச் செல்லுக்குள் உள்ள சேமிப்புறைக்கு ஏற்றுவது ஏ.பி.சி.ஏ.3 மரபணுவின் புரதம். பூச்சு படலமாகப் பரவ உதவுவது எஸ்.எஃப்.டி.பி.பி. மரபணு தரும் புரதம் பி. இவை கருவின் பிற்பகுதியிலேயே போதிய அளவு வெளிப்படுகின்றன.

இரு குழந்தைகளை அருகருகே வைத்து நோக்குவோம். ஒரு குழந்தை 28 வாரத்தில் பிறந்தது. இன்னொன்று 39 வாரத்தில். இரண்டுக்கும் ஒரே திணறல். எக்ஸ்ரே படத்திலும் ஒரே மங்கல். முதற்குழந்தையின் மரபணுக்கள் பழுதற்றவை. அவற்றுக்கு உரிய காலம் வரவில்லை. இரண்டாவதற்குக் காலம் வந்துவிட்டது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற எஸ்.எஃப்.டி.பி.பி. மரபணுவின் இரு படிகளும் பழுது. இந்நோய் 1993இல் விளக்கப்பட்டது. ஜப்பானின் ஃபுஜிவாரா 1980இல் காட்டிய வழியில், விலங்கு நுரையீரலிலிருந்து எடுத்த பூச்சை மூச்சுக்குழல் வழியே கொடுத்தால் முதற்குழந்தை தேறும். சில நாள்களில் அதன் செல்களே பூச்சை ஆக்கத் தொடங்கிவிடும். இரண்டாவது குழந்தைக்கு அந்தப் பயன் நிலைப்பதில்லை.

காலத்தை முன்கூட்டி வரவழைக்க இயலுமா? ஓரளவு இயலும். நியூசிலாந்தின் கிரகாம் லிகின்ஸ், ஸ்டீராய்டு பெற்ற ஆட்டுக்குட்டிகள் மிக முன்னதாகப் பிறந்தும் அவற்றின் நுரையீரலில் காற்று நுழைந்திருந்ததை 1969இல் கவனித்தார். ராஸ் ஹோவியுடன் ஆக்லாந்தில் அவர் நடத்திய ஆய்வு 1972இல் வெளியாயிற்று: குறைமாதப் பேறு நேரவிருந்த தாய்மாருக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டபோது குழந்தைகளின் மூச்சுத்திணறல் குறைந்தது. இன்று 24 முதல் 34 வாரங்களுக்குள் பிரசவம் நேரக்கூடும் எனும்போது டெக்சாமெதசோன் அல்லது பீட்டாமெதசோன் கொடுப்பது உலகெங்கும் வழக்கம். ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து தன் ஏற்பியைப் பற்றுகிறது, ஏற்பி டி.என்.ஏ.மீது அமர்ந்து சில மரபணுக்களைத் திறக்கிறது. அந்த ஏற்பியின் மரபணுவை இழந்த சுண்டெலிகளில் பெரும்பாலானவை பிறந்தவுடன் நுரையீரல் முதிராமையால் இறக்கின்றன. இயல்பான கர்ப்பத்தின் இறுதி வாரங்களில் சிசுவின் சொந்தக் கார்டிசோலே உயர்ந்து இப்பணியைச் செய்கிறது.

பிறப்பின்போது நீரை வெளியேற்றுவதும் மரபணுவின் துணையுடனேயே நடக்கிறது. அதுவரை நீரைச் சுரந்த எபிதீலியம் இப்போது சோடியத்தை உள்ளிழுத்து, நீரையும் கூடவே இழுக்கிறது. இதற்கு வேண்டிய சோடியம் வாயிலின் ஓர் உறுப்பை இழந்த சுண்டெலிக் குட்டிகள், நுரையீரல் நீர் வடியாமல் பிறந்த 40 மணி நேரத்துக்குள் இறந்தன என 1996இல் அறியப்பட்டது.

இடம், அண்டைத் திசு, விசை, காலம் என நான்கையும் கடந்து வந்தபின், 'நுரையீரலுக்கான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது' என்ற செய்தியைப் படிக்கும்போது எங்கே, யாருக்கு, எப்போது என்று கேட்பது நமக்கு இயல்பாகிவிட வேண்டும். இக்கேள்விகள் படிப்பறையோடு முடிவன அல்ல. நிறைமாதக் குழந்தை காரணம் தெரியாமல் மூச்சுத்திணறும்போது மருத்துவர்கள் மரபணுச் சோதனையை நாடுகிறார்கள். எஸ்.எஃப்.டி.பி.பி. பழுது என்று தெரிந்தால், பெற்றோர் இருவரும் நோயின்றி அதைச் சுமக்கிறார்கள் என்றும், அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் அது திரும்ப நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்றும் பெரும்பாலும் சொல்ல வேண்டியிருக்கும். ஃபாக்ஸ்எஃப்1 பழுது என்றால், அது பெரும்பாலும் அந்தக் குழந்தையிடம் புதிதாக நேர்ந்தது. மீண்டும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. தொட்டிலில் இரு குழந்தைகளும் ஒன்றுபோலவே திணறியிருக்கலாம். ஆயினும் அடுத்த குழந்தையைப் பற்றிப் பெற்றோர் எடுக்கும் முடிவு, எந்த மரபணு எவ்வழியில் தவறியது என்பதைப் பொறுத்தே அமையும்.